நான் திருத்தாத நோட்டுகள்

5 செக்‌ஷன், செக்‌ஷனுக்கு 40 பிள்ளைகள். ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படித்து, பிழையைச் சுட்டி, அடியில் ஒரு வரி எழுத 4 நிமிஷமாவது வேண்டும். 200 நோட்டுக்கு 800 நிமிஷம், அதாவது 13 மணி நேரத்துக்கும் மேல். இது ஒரே ஒரு கட்டுரைக்கு. பாடம் நடத்தும் பீரியடுகள், லீவு போட்ட டீச்சரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வது, சத்துணவு வரிசை, வாக்காளர் பட்டியல் வேலை, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய புள்ளிவிவரம் எல்லாம் போக இந்த 13 மணி நேரம் எங்கிருந்து வரும்? எந்தத் தமிழாசிரியரைக் கேட்டாலும் சிரிப்பார். ஆனால் கட்டுரை நோட்டுகள் மட்டும் எல்லாப் பள்ளியிலும் திருத்தப்பட்டுவிடும். பக்கத்துக்கு ஒரு சிவப்பு ரைட், கீழே கையெழுத்து, தேதி.

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழம்மா. எட்டு முதல் பத்து வரை எடுக்கிறேன். எல்லா நோட்டையும் நான் படிப்பதில்லை. பல வருஷமாக இதை ஸ்டாஃப் ரூமுக்கு வெளியே சொன்னதில்லை. இப்போது எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

முன்பெல்லாம் மூட்டையாக வீட்டுக்குத் தூக்கிப் போவேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் முதல் பத்து நோட்டில் கண் இருக்கும். இருபதாவது நோட்டில் கை மட்டும் இருக்கும். முப்பதாவது நோட்டைத் திருத்தியது யார் என்று எனக்கே தெரியாது. அதிலும் பிழைதிருத்தம் என்று ஒன்று உண்டு. தப்பாக எழுதிய சொல்லைப் பிள்ளை பத்துத் தடவை சரியாக எழுத வேண்டும். அந்தப் பக்கத்தை எந்த அதிகாரியும் முதலில் புரட்டிப் பார்ப்பார். ஒரு நாள் வகுப்பில் ஒரு பையன் அதை எழுதுகிற விதத்தைப் பின்னாலிருந்து பார்த்தேன். ‘சுற்றுச்சூழல்’ என்ற சொல். அவன் வரி வரியாக எழுதவில்லை. முதலில் பக்கத்தின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே பத்துச் ‘சு’. பிறகு பக்கத்திலேயே பத்து ‘ற்’. பிறகு பத்து ‘று’. அடுத்து பத்து ‘ச்’ வர வேண்டும். அதை மறந்து நேரே ‘சூ’வுக்குப் போய்விட்டான். ஒரு தடவை தவறாக எழுதிய சொல்லை இப்போது பத்துத் தடவை அதே தவறோடு, ஆனால் அழகான பத்தியாக எழுதி முடித்திருந்தான். அதற்கும் நான் ரைட் போட்டிருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதற்குப் பிறகு ஏற்பட்டதுதான் இப்போதைய ஏற்பாடு. அது ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பு அல்ல. ஜெராக்ஸ் பேப்பர் வருகிற அட்டைப்பெட்டிகளை ஆபீஸில் கேட்டு வாங்கினேன். பெட்டிக்கு ஒரு செக்‌ஷன், மேலே மார்க்கரால் வகுப்பின் பெயர். கட்டுரை நோட்டு பள்ளியை விட்டு வெளியே போகாது. வீட்டில் விட்டுவிட்டேன், தம்பி கிழித்துவிட்டான், மழையில் நனைந்துவிட்டது என்ற மூன்றும் ஒரே நாளில் ஒழிந்தன. நோட்டை வாங்கும்போது வரிசை எண்படி, எழுதிய பக்கத்தைத் திறந்து, ஒன்றின் பக்கத்துக்குள் அடுத்ததைச் செருகி அடுக்கித் தர வேண்டும். இதைச் சொன்னால் புதிதாக வந்த டீச்சர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். எழுதிய பக்கத்தைத் தேடிப் புரட்டுவதிலேயே நோட்டுக்கு அரை நிமிஷம் போகும். 200 நோட்டுக்கு அது எவ்வளவு என்று கணக்குப் போட்டவர்கள் அப்படிப் பார்க்கமாட்டார்கள். வரிசை எண்ணில் அடுக்கினால், யார் வைக்கவில்லை என்பது எண்ணிப் பார்க்காமலே தெரியும். அந்த இடத்தில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகிவிட்டுப் போய்விடலாம்.

ஒரு கட்டுரைக்கு ஒரு செக்‌ஷனில் 8 நோட்டை மட்டும் முழுதாகப் படிப்பேன். அடுத்த கட்டுரைக்கு அடுத்த 8. ஐந்து கட்டுரையில் எல்லோருக்கும் ஒரு முறை வந்துவிடும். மற்ற 32 நோட்டுகளில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்ப்பேன், அதையும் முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிவிடுவேன். இந்தத் தடவை ஒற்று மட்டும். அடுத்த தடவை முதல் பத்தி மட்டும். அதற்கடுத்து, சொந்தமாக எழுதிய ஒரு வாக்கியமாவது இருக்கிறதா என்பது மட்டும். பிழையை வட்டமிட்டுச் சரியான சொல்லை மேலே எழுதிக் கொடுப்பதையும் விட்டுவிட்டேன். பிழை இருக்கிற வரிக்கு நேரே மார்ஜினில் ஒரு புள்ளி. இரண்டு பிழை என்றால் இரண்டு புள்ளி. எது என்று தேடுவது அவர்கள் பாடு. ஆரம்பத்தில் ‘எங்கம்மா இருக்கு, எல்லாம் சரியாத்தான இருக்கு?’ என்று சண்டைக்கு வந்தார்கள். சண்டை நல்லதுதான். சண்டை போட ஒருவன் தன் வரியை மறுபடி படித்தாக வேண்டுமே.

அந்தப் புள்ளியைப் பக்கத்தில் இருப்பவனோடு சேர்ந்து தேடலாம் என்று விட்டதும் வகுப்பு சந்தைக்கடை ஆனது. ஆனாலும் விட்டிருக்கிறேன். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை பார்த்த வேலையில் பாதி இதுதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படியே எழுதவைத்தார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அங்கே நடத்தி, 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்தில் அது பரவியது. பெரிய பெயர்தான். ஆனால் சட்டாம்பிள்ளை கையில் பிரம்பும் இருந்தது. பிள்ளைகள் கையில் மார்க்கைக் கொடுத்தால் அதே கதைதான்: சிநேகிதனுக்கு ஒன்பது, சண்டைக்காரனுக்கு மூன்று. அதனால் என் வகுப்பில் பக்கத்துப் பையன் பென்சிலால் அடிக்கோடு போடலாம், எண் போடக் கூடாது. நானும் கட்டுரை நோட்டில் எண் போடுவதில்லை.

பரீட்சைப் பேப்பர் வேறு ஜாதி. அதற்கு எண் போட்டே ஆக வேண்டும். அதைத் திருத்த நான் கற்றுக்கொண்டது விடைத்தாள் திருத்தும் முகாமில்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததும் ஏதாவது ஒரு பெரிய பள்ளியில் முகாம் போடுவார்கள். ஏப்ரல் வெயில், மேலே ஒரு ஃபேன், அது சுற்றினால் பேப்பர் பறக்கும், சுற்றாவிட்டால் நாம் பறப்போம். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. தாளில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, பள்ளி கிடையாது. மேசையில் விடைக்குறிப்பு. நாம் திருத்தியதை மேலே உள்ள முதன்மைத் தேர்வாளர் எடுத்துப் பார்ப்பார், கூட்டலைச் சரிபார்க்கத் தனியாக ஆள் உண்டு. கூட்டல் பிழை வெளியே வந்தால் விளக்கம் கேட்டு மெமோ வரும். அந்தப் பயத்தில் அங்கே எல்லோரும் சத்தமாக, விரல் விட்டுக் கூட்டுவார்கள். முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்த சாரும் விரல் விட்டுத்தான் கூட்டினார்.

அங்கே எனக்கு உறைத்தது, பெயர் தெரியாத பேப்பரை நான் வேறு மாதிரித் திருத்துகிறேன் என்பது. பெயர் தெரிந்தால் என் கை அந்தப் பிள்ளையின் முந்தைய மார்க்கை நோக்கியே போகிறது. நன்றாகப் படிக்கும் பெண் அரைகுறையாக எழுதியிருந்தால் ‘இவளுக்குத் தெரியும், அவசரத்தில் விட்டிருப்பாள்’ என்று முழு மார்க். பின்பெஞ்சுப் பையன் அதையே எழுதியிருந்தால் ‘பார்த்து எழுதியிருப்பானோ?’ முத்து முத்தான கையெழுத்தென்றால் எனக்கு மனசு இளகிவிடும். அந்தப் பலவீனம் இன்னும் போகவில்லை. அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் 1913இல் ஒரே வடிவியல் விடைத்தாளைப் பல பள்ளிகளின் கணக்கு ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 100க்கு 28 போட்டவரும் இருந்தார், 90க்கு மேல் போட்டவரும் இருந்தார். கணக்கிலேயே இந்தக் கூத்து என்றால் நெடுவினாவுக்கு நாம் போடும் மார்க்கைப் பற்றி என்ன சொல்வது?

ஆகவே என் வகுப்புப் பேப்பர்களிலும் முதல் பக்கத்தைப் பின்னால் மடித்துத்தான் திருத்துவேன். ஒரு பேப்பரை முழுதாகத் திருத்தி அடுத்ததற்குப் போவதில்லை. 40 பேரின் முதல் நெடுவினாவையும் திருத்தி முடித்த பிறகுதான் அடுத்த நெடுவினா. கடைசியில், முதலில் திருத்திய ஐந்தாறு பேப்பரைத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் அவற்றுக்குத்தான் அநியாயம் நடந்திருக்கும். பசியோடு திருத்தக் கூடாது என்றும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது ஆராய்ச்சி அல்ல, அனுபவம்.

முகாமிலிருந்து எடுத்துக்கொள்ளாமல் விட்டதும் ஒன்று உண்டு. அங்கே திருத்திய பேப்பர் எழுதிய பிள்ளையிடம் திரும்பப் போகாது. மூட்டைதான். நானோ காலாண்டு, அரையாண்டுப் பேப்பர்களைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுவேன். பெற்றோர் கையெழுத்து வாங்கிவந்ததும் திரும்ப வாங்கி நூலால் கட்டி பீரோவுக்குள் தள்ளுவதுதான் பள்ளி வழக்கம். எழுதியவனுக்குத்தானே அந்தப் பேப்பர் வேண்டும், பீரோவுக்கு எதற்கு என்று எனக்குப் பிடிவாதம்.

2020 வந்தது. மார்ச் 27ஆம் தேதி தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புத் தேர்வு கொரோனாவால் ஜூனுக்குத் தள்ளிப்போனது, அதுவும் மறுபடி தள்ளிப்போனது, ஜூன் 9ஆம் தேதி ரத்தானது. அனைவரும் தேர்ச்சி. ஆனால் மார்க் உண்டு: காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம். மாநிலம் முழுக்க 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதுதான் கணக்கு. மார்க் பட்டியலோடு விடைத்தாள்களையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஹெச்.எம். சார் போன் செய்தார்.

“தமிழம்மா, அரையாண்டுக் கட்டு எங்கம்மா? பீரோல மத்த சப்ஜெக்ட் எல்லாம் இருக்கு.”

பிள்ளைகளிடம் இருக்கிறது என்று சொன்னபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பஸ் சரியாக ஓடாத நாட்கள். வாட்ஸ்அப்பில் சொல்லி, போன் இல்லாத வீடுகளுக்குப் பக்கத்து வீட்டு எண்ணில் சொல்லி, ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். ஒரு வீட்டில் அது மளிகை டப்பாக்களுக்கு அடியில் விரிப்பாக இருந்தது. எண்ணெய்க் கறையோடு ஒரு பக்கம் வந்து சேர்ந்தது. ஒரு வீட்டில் எடைக்குப் போட்டாயிற்று. ஒரு பெண் தன் காலாண்டு, அரையாண்டுப் பேப்பர்களைச் சாதிச் சான்றிதழ் இருந்த பிளாஸ்டிக் கவரிலேயே வைத்திருந்தாள், மடிப்புக்கூட இல்லை. வராத பேப்பர்களுக்கு மார்க் ரெஜிஸ்டரைக் காட்டி விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அதோடு அந்தத் தலைவலி தீர்ந்தது. மற்றதுதான் தீரவில்லை.

அரையாண்டுப் பேப்பரை இறுக்கித் திருத்துவது எங்கள் தொழிலில் ஊரறிந்த ரகசியம். டிசம்பரில் தாராளமாகப் போட்டால் பொங்கல் கழிந்தும் பயல் புத்தகத்தைத் தொடமாட்டான். ஆறு மார்க்குக்கு உரியதற்கு நாலு போட்டால் பயந்து படிப்பான், மார்ச்சில் எட்டு வாங்குவான். எல்லோரும் அப்படித்தான் போட்டோம், நானும் போட்டேன். அது பிள்ளையை உசுப்பப் போட்ட மார்க். ஜூனில் அது அவன் சான்றிதழ் ஆகிவிட்டது. எதற்காகப் போட்டேன் என்பது ரெஜிஸ்டரில் எங்கே இருக்கிறது? எண் மட்டும்தான் இருக்கிறது.

ஒரு பையன் போன் செய்தான். சராசரியாகப் படிப்பவன், மல்லாட்டை (வேர்க்கடலை) ஆயும் நாட்களில் பள்ளிக்கு வராதவன், அதனால் வருகைப் பதிவிலும் அடி. “அம்மா, அரையாண்டுல ரெண்டாவது நெடுவினாவுக்கு நாலு போட்டீங்க. பக்கத்துல ‘இன்னும் எழுதலாம்’னு எழுதியிருந்தீங்க. இப்ப எழுதி அனுப்பட்டுமா?”

பட்டியல் ஏற்கெனவே போய்விட்டது, இனி எதுவும் மாற்ற முடியாது என்று சொன்னேன். சரிங்கம்மா என்று வைத்துவிட்டான். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ வந்தது. கோடு போட்ட நோட்டில் நாலு பக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை எல்லாம் போட்டு. நான் டிசம்பரில் கேட்டது அப்படியே இருந்தது. முழு மார்க் போடத் தகுந்த விடை. அதைப் போட எனக்கு எந்த ரெஜிஸ்டரிலும் இடமில்லை. ‘நல்லா எழுதியிருக்கப்பா’ என்று பதில் போட்டேன். அந்த எட்டுக்கு நாலு இன்றைக்கும் எங்கோ அவன் சான்றிதழின் கூட்டுத்தொகைக்குள் இருக்கிறது.

அதிலிருந்து நான் இறுக்கித் திருத்துவதில்லை. எந்தப் பரீட்சையானாலும் பேப்பர் எவ்வளவுக்குத் தகுமோ அவ்வளவு. மிரட்ட வேண்டுமானால் வாயால் மிரட்டிக்கொள்கிறேன், அதற்கு எனக்குப் போதுமான குரல் இருக்கிறது. பேப்பரை இப்போதும் பிள்ளைகளிடமே கொடுக்கிறேன். அதற்கு முன் பத்தாம் வகுப்புப் பேப்பர்களை மட்டும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஹெச்.எம். மாறினாலும் பேப்பர் தேடிய அந்தக் கதை மாறாமல் பள்ளியில் உலவுகிறது.

பேப்பர் கொடுக்கும் விதமும் மாறியது. மார்க் போட்ட பேப்பரைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் மொத்தத்தைப் பார்ப்பார்கள், பிறகு பக்கத்து பெஞ்சை, பிறகு கூட்டலைச் சரிபார்ப்பார்கள். “அம்மா, இங்க அரை மார்க் விட்டுட்டீங்க!” நான் ராத்திரி கண்விழித்து எழுதிய வரியை ஒருவரும் படிக்கமாட்டார்கள். இஸ்ரேலில் ரூத் பட்லர் என்பவர் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பற்றிப் பணியிடைப் பயிற்சியில் கேள்விப்பட்டேன். சில பிள்ளைகளுக்கு மார்க் மட்டும், சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்திருக்கிறார். கருத்து மட்டும் பெற்றவர்கள்தான் அடுத்த தடவை முன்னேறியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் பிரயோஜனமில்லை, மார்க் கருத்தை விழுங்கிவிட்டது. என் வகுப்பில் தினமும் நடப்பதை ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து பார்த்தமாதிரி இருந்தது.

அதனால் பேப்பரில் கருத்தை மட்டும் எழுதி, மார்க்கை ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு, பேப்பரை முதலில் கொடுத்தேன். ஒரு விடையைத் திரும்ப எழுதிக் காட்டிய பிறகு மார்க்கைச் சொல்வது என்று வழக்கமாக்கினேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். கரும்பு லோடு ஏற்றுகிறவர், மகள் ஒன்பதாவது.

“டீச்சர், பேப்பர்ல மார்க்கே காணோமே. பாத்தீங்களா, பாக்காமயே குடுத்துட்டீங்களா?”

“பாத்துட்டுத்தாங்க குடுத்தேன். கீழ எழுதியிருக்கேன் பாருங்க.”

“எனக்குப் படிக்க வராது டீச்சர். நம்பர் தெரியும். முப்பத்தஞ்சுக்கு மேலயா கீழயான்னு நானே பாத்துக்குவேன். எளுத்துன்னா அவதான் படிச்சுச் சொல்லணும். அவ என்ன சொல்றாளோ அதான்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்துத் தெரியாத அப்பனுக்குப் பள்ளிக்கூடத்தோடு இருந்த ஒரே நேரடிப் பேச்சு அந்த எண்தான். அதை எடுத்துவிட்டு, மகளின் தயவில் அவரை நிறுத்திவிட்டேன். பட்லர் அம்மையாரின் ஆய்வில் அப்பாக்கள் இல்லை.

இப்போது பேப்பர் இரண்டு தடவை வீட்டுக்குப் போகிறது. முதலில் மார்க் இல்லாமல். திரும்ப எழுதியபின் மார்க்கோடு. இரண்டாவது முறை போகும்போது நான் எழுதிய வரியைப் பிள்ளை வீட்டில் சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும், பெற்றோர் அதற்கு நேரே கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். எத்தனை வீட்டில் உண்மையில் படிக்கிறார்கள் என்று நான் துருவுவதில்லை. அந்தக் கரும்பு லோடுக்காரர் மட்டும் அடுத்த கூட்டத்தில் வந்து, “‘கதை சொல்ற மாதிரி எளுதுற, விடை மாதிரி எளுது’ன்னு போட்டிருந்தீங்களாமே? அவ ஆயாகிட்டருந்து வந்த புத்தி, அப்படித்தான் இருக்கும்” என்றார்.

எட்டாம் வகுப்பு வரை கொண்டுவந்த வளரறி மதிப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 2012-13இல் முப்பருவ முறையோடு வந்தது. செயல்பாட்டுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20, பருவத் தேர்வுக்கு 60, ஏ1 முதல் இ2 வரை கிரேடு. யோசனை நல்லதுதான். நடைமுறையில் பள்ளிக்குப் பக்கத்துக் கடையில் சார்ட்டும் தெர்மாகோலும் விற்றன, வகுப்பின் மூலையில் தாஜ்மகால்கள் குவிந்தன, எல்லோருக்கும் 18 விழுந்தது. எல்லோருக்கும் 18 என்றால் அது மதிப்பீடு அல்ல, பிரசாதம். நான் தாஜ்மகாலை ஏற்பதில்லை. தாத்தாவிடம் கேட்டு எழுதிவந்த பத்து விவசாயச் சொற்களை ஏற்கிறேன். ‘ஏத்தம்’ பற்றி ஒரு பெண் எழுதிவந்த அரைப் பக்கத்துக்கு இருபதுக்கு இருபது போட்டபோது ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

ஆண்டாய்வுக்குத்தான் பயம் இருந்தது. ஒரு வருஷம் வந்த அதிகாரி எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைப் புரட்டினார். புள்ளிகள் இருக்கின்றன, பிள்ளைகள் தாங்களே திருத்திய அடிக்கோடுகள் இருக்கின்றன, பாதிப் பக்கங்களில் என் கையெழுத்து இல்லை. முறையை விளக்கினேன். பொறுமையாகவே கேட்டார். “நல்லாத்தான்மா இருக்கு. ஆனா ரெக்கார்டுக்கு எல்லாத்துலயும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க” என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவரும் கையெழுத்தைத்தான் தேடுவார்.

அவர் போனதும் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். பிள்ளைகளே பக்கத்தைத் திறந்து திறந்து நீட்டினார்கள். நாலாவது ஐந்தாவது நோட்டில் முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அம்மா, இது படிச்ச கையெழுத்தா, பாத்த கையெழுத்தா?”

வகுப்பே சிரித்தது. பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இது பார்த்த கையெழுத்து என்றேன். அப்படியானால் படித்த கையெழுத்து வேறு மாதிரி இருக்க வேண்டாமா என்றார்கள். நியாயம்தானே. அன்றிலிருந்து படித்தால் முழுக் கையெழுத்து, சிவப்பு மை. பார்த்தால் இனிஷியல் மட்டும், நீலம். அதிகாரிக்கு இரண்டும் கையெழுத்துதான். பிள்ளைகளுக்கு இல்லை. நீலம் தொடர்ந்து விழுந்தால் ‘எனக்கு எப்பம்மா சிவப்பு?’ என்று கேட்டுவிடுகிறார்கள். சிவப்பு வரும் வாரத்தில் சில பிள்ளைகள் வழக்கத்தைவிட ஒன்றரைப் பக்கம் கூடுதலாக எழுதுகிறார்கள். ஒன்றிரண்டு பேர் அந்த வாரம் பார்த்து லீவு போடுகிறார்கள், அவர்களை அடுத்த எட்டில் சேர்த்துவிடுகிறேன்.

8 பி-யின் வகுப்புத் தலைவி இதற்காகத் தனியாக ஒரு நோட்டுப் போட்டுவிட்டாள். போன வருஷத்து ரஃப் நோட்டின் மிச்சப் பக்கங்கள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வரிசை எண்ணுக்கு நேரே சிவப்பு, நீலம். போன வாரம் காய்ச்சலில் நான் இரண்டு நாள் வரவில்லை. என் பெயரில் 3 நோட்டு பாக்கி என்று எழுதி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை முதல் பீரியடுக்குள் வேண்டுமாம்.